அருள்பிரகாசத்தின் ரிட்டன் ஒயர்

நாலாவது காக்கை கரையும் இடத்தில் அருள்பிரகாசம் கண்ணை மூடிக்கொள்வார்.

முதல் மூன்று காக்கைகளை அவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அவை எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியில்கூடக் கேட்கும். நாலாவது அப்படியல்ல. ஏலக்காரர் விலையை ஏற்றிக் கத்துவதற்கும் ஐஸ் பெட்டி தரையில் இடிப்பதற்கும் நடுவே, தூரத்தில், ஒரே ஒருமுறை கரைந்துவிட்டு அது தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அந்தக் குரல் தனியாக, தன் இடத்தில் நின்று கேட்டால் ஆம்ப்ளிஃபயர் தேறிவிட்டது. ஏலச் சத்தத்தோடு குழைந்து கேட்டால் ஃபெயில். கவிழ்த்துப் போட்டு, ஈயத்தை உருக்கி, மறுபடி முதலிலிருந்து.

ஒலிக்கருவிகளைச் சோதிக்கிறவர்கள் வயலின் கேட்பார்கள், பியானோ கேட்பார்கள். ராயபுரத்தில் ஒரு முதல் மாடி வீட்டின் முன்னறையில், காலை பதினொரு மணிக்கு, லுங்கியும் மூக்குக்கண்ணாடியுமாக உட்கார்ந்து அருள்பிரகாசம் கேட்பது காசிமேட்டு விடியற்கால மீன் ஏலம். மொத்தம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. ஏழு வருஷத்துக்கு முன்னால், புதிதாக வாங்கிய கைப்பேசியில் மகனுக்குப் போன் போடுவதாக நினைத்து வேறு எதையோ அமுக்கிவிட, சட்டைப்பையில் இருந்தபடியே பதிவானது. மகன் துபாயில் "ஹலோ" சொல்லாததற்குக் காரணம் மாலையில்தான் தெரிந்தது.

"இத்தவிட டெஸ்ட்டு இன்னா வேணும்?" என்பார். "மனுசன், காக்கா, ஐஸு, ஆட்டோ, எல்லாம் ஒரே டைம்ல கத்துது. இத்த பிரிச்சுக் குடுத்துட்டான்னா, அவன் எத்த வேணா பிரிச்சுக் குடுப்பான்." 'அவன்' என்பது ஆம்ப்ளிஃபயர்.

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாவது விநாடியில் ஒரு பெண் குரல் குறுக்கே பாயும்: "யோவ்! எறாவ எட போடுய்யா, ஐஸ எட போடாத!" நாலு விநாடி. குரல் அவருடைய மனைவி அடைக்கலமேரியுடையது. ஆறு வருஷமாக அந்த நாலு விநாடியை அவர் ஓர் இடைஞ்சலாகத்தான் கருதிவந்தார். சரியாக அதன் முதுகுக்குப் பின்னால்தான் நாலாவது காக்கை உட்கார்ந்திருக்கிறது.

அருள்பிரகாசம் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள், கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி, கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்து லாரி முதுகில் வைத்தவர். அந்த உத்தியோகம் அவரிடம் ஒரு பாராட்டு மொழியை விட்டுச் சென்றிருக்கிறது. பிரியாணி, சாமியாரின் பிரசங்கம், மாப்பிள்ளையின் குணம், புதிதாகப் போட்ட தார்ச்சாலை, எது மனதுக்குப் பிடித்தாலும் அவர் வாயிலிருந்து வருவது இரண்டே சொல்: "ஆட்டம் கம்மி." பெட்டி கயிற்றில் ஆடாமல் இறங்குவதைவிடப் பெரிய அழகு இவ்வுலகில் உண்டென்று அவரிடம் இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அடைக்கலமேரியைப் பற்றியும் இதையே சொன்னாராம். அந்தக் கணிப்பு தவறு என்பது கல்யாணமான இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது என்பார்கள் உறவினர்கள்.

ஓய்வு பெற்றவர்கள் நடைப்பயிற்சி போகிறார்கள், சங்கம் ஆரம்பிக்கிறார்கள், பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதுகிறார்கள். தேசத்துக்கு இவற்றால் விளையும் சேதத்தோடு ஒப்பிட்டால், வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டுவது சாதுவான பொழுதுபோக்கு. வால்வு என்கிற, உள்ளே இழை சிவக்கும் அந்தக் கண்ணாடிக் குப்பிகளை ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்னும் மும்முரமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ரிச்சி தெருவில் கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள். பெட்டிதான் பிரச்சினை. அதற்கென்று விற்கும் அலுமினியப் பெட்டியை அருள்பிரகாசம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. சமையலறை இருக்கிறது. முதல் ஆம்ப்ளிஃபயர் கிறிஸ்துமஸ் கேக் தட்டில் பிறந்தது. அடுத்தது அதன் ஜோடித் தட்டில். அதன்பின் இட்லிப் பானையின் மூடி, பெரிய தாம்பாளம், ஒரு டிரங்குப் பெட்டியின் பாதி. பதின்மூன்று ஆம்ப்ளிஃபயர் ஆனபோது அந்த வீட்டில் இட்லி அவிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

புது ஆம்ப்ளிஃபயர் பிறந்த செய்தியைத் தெருவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் அது ஊளையிடும். கப்பல் சங்குக்கும் கழுத்து நெரிபட்ட வாத்துக்கும் இடைப்பட்ட ஓசை. கீழ்த்தளத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அலி அக்பர், கையில் இருப்பதை மேஜைமேல் வைத்துவிட்டு மாடியைப் பார்ப்பான். "நைனா! பொண்ணா, புள்ளையா?"

ஊளைக்குக் காரணம் அருள்பிரகாசம் 'ரிட்டன்' என்று செல்லமாக அழைக்கும் ஒரு ஒயர். புத்தகம் எழுதுகிறவர்கள் எதிர்ப் பின்னூட்டம் என்று எழுதி வாசகரை விரட்டுவார்கள். விஷயம் எளிது. ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தில் ஒரு துளியை எடுத்து, தலைகீழாக்கி, ஆம்ப்ளிஃபயரின் வாசலுக்கே திருப்பி அனுப்பிவிடுவது. வழியில் வால்வுகள் தம் சொந்தச் சரக்காகச் சேர்த்த கோணல் அந்தத் துளியிலும் இருக்கும். அது தலைகீழாக வருவதால் கோணலைக் கோணலே தின்றுவிடும். கூடவே சத்தமும் கொஞ்சம் குறையும். அது கூலி. ஆனால் அந்தத் துளியை எடுக்க டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒன்றில் எடுத்தால் கோணல் சாகும். மற்றதில் எடுத்தால் கோணல் கொழுத்து ஊளையிடும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அருள்பிரகாசம் பதின்மூன்று முறையும் தப்பான முனையையே பிடித்திருக்கிறார். பன்னிரண்டாவது முறை, தனக்குச் சரியென்று பட்டதை விட்டுவிட்டு மற்ற முனையை வைத்தார். ஊளையிட்டது.

"அது இன்னா நைனா அந்த ஒயரு? புடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இரேன்" என்று ஒருநாள் அலி அக்பர் கேட்டான்.

"டேய், மேல குந்திகினு நான் பொட்டிய எறக்குறேன். ஒரு அடி லெஃப்ட்ல போச்சு. எனக்குத் தெரியாது. கீழ கீறவன் இன்னா பண்ணுவான்?"

"ஓடுவான்."

"ரைட்டுல கை காட்டுவான்டா. நான் ரைட்டுல நகத்துவேன். அந்தக் கைதான் ரிட்டன். அவன் தூங்கிகினு லேட்டா காட்டுனான்னு வெச்சுக்கோ, பொட்டி அங்கயும் இங்கயும் ஆடும். மாத்திக் காட்டுனான்னா கடலுக்குள்ள. அதான் நீ கேட்ட ஊளை."

"நல்லாக் காட்டிகினே இருந்தா?"

"இன்ச்சுக்கு இன்ச்சு காட்டுனா மேல இருக்கறவனுக்குக் கை நடுங்கும். பொட்டி எறங்கும், உசுரு இருக்காது." சொல்லிவிட்டு, இந்தக் கடைசி வாக்கியம் தன் கட்சிக்கு எதிரானது என்று உணர்ந்து, "ஆனா ஒடையாது" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் கட்சி அவ்வளவு கண்டிப்பானது. உள்ளே போனதுதான் வெளியே வர வேண்டும். ஒரு குன்றிமணி கூடக்கூடாது, குறையக்கூடாது. கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் ஜெரி ஒருமுறை ஓர் ஆம்ப்ளிஃபயர் கேட்டு வந்தான். வந்தவன் சும்மா இராமல், "அங்கிள், அந்த ரிட்டன மட்டும் எடுத்துட்டுக் குடுங்க. சவுண்டு கொஞ்சம் கொழகொழன்னு, இனிப்பா வரும்" என்றான். அதில் உண்மை உண்டு. உலகமெங்கும் கிதார்க்காரர்கள் அந்த இனிப்புக்காகத்தான் வால்வைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அருள்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இனிப்பு வோணும்னா ஸ்வீட் ஸ்டாலுக்குப் போ. பாடுனவன் போடாத சக்கரய நான் எதுக்குடா போடணும்?" ஜெரி படியிறங்கும்போது மேலும் ஒரு வாக்கியம் அவன் பின்னாலேயே போனது. அதை அச்சிட முடியாது.

பிப்ரவரியில் அடைக்கலமேரியின் கழுத்தில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். கட்டியால் கெடுதல் இல்லை என்று சொன்னார்கள். குரல் கொஞ்சம் மாறும், பேசப் பேசத் தேறும் என்றும் சொன்னார்கள். அடைக்கலமேரி இரண்டாவது பாதியை நம்பவில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கல்மண்டபத்தில் மீன் விற்ற குரல் அது. எதிர்வரிசையில் நடந்துபோகிற வாடிக்கையாளரைப் பேர் சொல்லி நிறுத்தி, போன வாரம் வாங்கிய சங்கரா எப்படி இருந்தது என்று கேட்டு, பதில் வருவதற்குள் இந்த வாரத்துக்கு எடை போட்டுவிடும். அதன் இடத்தில் இப்போது ஈரச் சாக்கைத் தரையில் இழுக்கிற மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அவர் பேசுவதை நிறுத்தினார். கடையில் விரல்களால் விலை சொன்னார். வீட்டில் கணவரைக் கூப்பிட வேண்டுமானால் மேடையில் டம்ளரை இரண்டு தட்டு. மூன்று தட்டென்றால் கோபம்.

வீடு அமைதியானது. கணவன்மார் பலர் இரகசியமாக வேண்டிக்கொள்ளும் பேறு அது; அருள்பிரகாசத்துக்கு எட்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. காலைச் சோதனையில் மனைவியின் அந்த நாலு விநாடி வந்து போன பிறகு, நாலாவது காக்கை கரைந்ததா என்று அவருக்குச் சில நாட்களாக நினைவிருப்பதில்லை.

அக்டோபர் கத்தோலிக்க வீடுகளில் செபமாலை மாதம். அந்தத் தெருவின் குடும்பங்கள் முறைவைத்து நாளுக்கொரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்வது வழக்கம். இருபத்திரண்டு வருஷமாக முன்பாதி அடைக்கலமேரியுடையது. செப்டம்பர் கடைசியில், தெருவின் செபக் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கும் மகிமா வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண், நல்லவர்கள் செய்யக்கூடிய அத்தனை தீங்கையும் செய்யக்கூடியவள்.

"அக்கா, நீ ஒண்ணும் கவலப்படாத. இந்த வருசம் போன்ல ரெக்கார்டிங் கீது. சூப்பரா சொல்றாங்க. அலி அண்ணன் கடையில சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிட்டோம்னா, அது முன்னாடி சொல்லும், நம்ம பின்னாடி சொல்லலாம். நீ சொம்மா குந்திகினு மணிய உருட்டுனா போதும். இனிமே எல்லா வருசமும் உனக்குத் தொல்லையே இல்ல."

அடைக்கலமேரி சிரித்துத் தலையாட்டினார். 'இனிமே எல்லா வருசமும்' என்ற இடத்தில் அந்தச் சிரிப்பு ஒரு விநாடி நின்று பிறகு தொடர்ந்ததை மகிமா பார்க்கவில்லை. அருள்பிரகாசம் பார்த்தார்.

"எங்க வூட்டு மொறை என்னிக்கு?" என்றார்.

"பத்தாம் தேதிண்ணே."

"அன்னிக்கு இவ சொல்லுவா."

சமையல் மேடையில் டம்ளர் மூன்று முறை தட்டப்பட்டது. அன்றைக்கு அது நாலாகவும் இருந்திருக்கலாம்.

பதினாலாவது ஆம்ப்ளிஃபயரை அவர் ஆறே நாளில் கட்டினார். அதற்காக வீட்டின் கடைசி அலுமினியத் தட்டும் உயிர்விட்டது. ஊளையிட்டது, முனையை மாற்றினார், அலி அக்பர் கீழேயிருந்து வாழ்த்தினான். ரிட்டனைத் தாராளமாக விட்டிருந்தார். காசிமேட்டு ஏலத்தைப் போட்டபோது நாலாவது காக்கை சன்னலுக்கு வெளியே வந்து உட்கார்ந்ததுபோல் கேட்டது. அவர் வாழ்நாளில் கட்டியவற்றுள் இதுவே உண்மையானது. மைக்கைச் செருகி, ஸ்பீக்கரை மறுபக்கம் திருப்பிவைத்து, மனைவியின் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார்.

"ஒண்ணு ரெண்டு மூணு சொல்லு. கத்தாத, சொம்மா சொல்லு. மீதிய அவன் பாத்துப்பான்."

அடைக்கலமேரி மைக்கைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார்.

அவன் பார்த்துக்கொண்டான். ஈரச் சாக்கின் ஒவ்வொரு இழையும் வந்தது. காற்று எங்கே ஒழுகுகிறது, குரல் எங்கே கிழிகிறது, கிழிந்த இடத்தை மறைக்க எங்கே எச்சில் விழுங்கப்படுகிறது, எல்லாம் தனித்தனியாக, தன் தன் இடத்தில் நின்று அறை முழுக்கக் கேட்டது. அருள்பிரகாசம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பழக்கதோஷம் அவர் நாக்கில் வந்து நின்றது.

"ஆட்டம் கம்மி" என்றார்.

கண்ணைத் திறந்தபோது மைக் மேஜைமேல் படுத்திருந்தது. சமையலறையில் குழாய் முழு வேகத்தில் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் எதுவும் கழுவப்படும் சத்தம் இல்லை.

எட்டு மாதமாக அடைக்கலமேரி தன் குரலைத் தலைக்குள்ளிருந்து மட்டுமே கேட்டிருந்தார்; ஊருக்கு எப்படிக் கேட்கிறது என்பதை முதல் தடவையாகத் தட்டில் வைத்துப் பரிமாறியவர் கட்டிய கணவர். இது அந்தக் கணவருக்கு உறைக்க ஏறக்குறைய இருபது நிமிடம் ஆயிற்று. உறைத்ததும் அருள்பிரகாசம் எழுந்து, இரும்புப்பெட்டியைக் கிளறி, ஒரு திருகுக் குமிழை எடுத்தார். ரிட்டன் ஒயரை நடுவில் வெட்டினார். குமிழை இடையில் வைத்துப் பற்றவைத்தார். இனி ரிட்டனை வேண்டிய அளவு கூட்டலாம், குறைக்கலாம், அறவே இல்லாமலும் ஆக்கலாம். அன்று ராயபுரத்தில் ஒரு கொள்கை இறந்தது. கொடி எதுவும் அரைக்கம்பத்தில் பறக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவர் செய்தது அவருடைய பழைய நாக்கே அச்சிட முடியாத சொல்லால் குறிக்கக்கூடிய காரியம். மனைவி சொன்ன 'ஒண்ணு, ரெண்டு, மூணு' கைப்பேசியில் பதிவாகியிருந்தது. இந்த முறை சரியான பொத்தானைத்தான் அமுக்கியிருந்தார். ஒரு தடவை அதைப் போடுவார். அடுத்து ஏலத்தில் மனைவி கத்தும் அந்த நாலு விநாடியைப் போடுவார். குமிழை ஒரு நூல் திருப்புவார். மறுபடி இது, மறுபடி அது. ரிட்டன் குறையக் குறைய வால்வுகள் தம் கைச்சரக்கைத் தாராளமாகச் சேர்த்தன. கிழிசல்கள் மேல் சதை ஏறியது. சத்தமும் ஏறியது, பெரிய சத்தத்தை நல்ல சத்தம் என்று நம்பி ஏமாறுகிறவர் அவர் அல்லர் என்பதால் வால்யூமைக் குறைத்துச் சமமாக்கி மறுபடி கேட்டார். அப்போதும் சதை இருந்தது. ரிட்டன் முழுவதும் போன இடத்தில், ஏறத்தாழ அந்தக் கல்மண்டபத்துக் குரல் இருந்தது.

இலவசமாக ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த அலி அக்பர் வாசலிலேயே நின்றுவிட்டான். கிரேன், பெட்டி, கை என்று பாடம் கேட்டவனாயிற்றே.

"நைனா! ரிட்டன புடுங்கிட்டியா? ஜெரி பாவத்த தொரத்தி வுட்ட நீ?"

"வாய மூட்றா."

"இல்ல, சக்கர போடக் கூடாதுன்னு..."

"டேய், கீழ போடா. கஸ்டமர் வந்து நிக்கிறான் பாரு."

யாரும் நிற்கவில்லை. அலி அக்பர் அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்பீக்கரை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஆனால் சுவருக்கு அப்பால் ஒருவர் இருந்தார். தன் குரல் நாளொன்றுக்கு அறுபது தடவை ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதையும், போகப்போக அது ஊதிப் பெருப்பதையும் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் தேதி பிற்பகல், ஆய்ந்துகொண்டிருந்த மீனை அப்படியே விட்டுவிட்டு, கையில் கத்தியோடு அடைக்கலமேரி முன்னறைக்கு வந்தார். டம்ளரை எடுத்துவர மறந்துவிட்டதால் பேச வேண்டியதாயிற்று.

"யாருய்யா அது?"

"நீதான்."

"நானா? எங்க பெரியக்கா மாரி கீது."

"உன் கொரலுதான் அடைக்கலம். லைட்டா ரிட்டன கொறச்சேன். பழசு மாரி வருதுல்ல?"

"இன்னொருவாட்டி போடு."

போட்டார். அடைக்கலமேரி தலையைச் சாய்த்துக் கேட்டார். கூடைக்குள் பார்க்கிற பார்வை.

"தோ, கேளு. 'மூணு' சொல்லி முட்ச்சாச்சு. அப்பால எதுக்கு ஊஊன்னு ஒரு வாலு பின்னாலயே வருது?"

வரும். ரிட்டன் ஒயர் ஸ்பீக்கருக்குக் கடிவாளமும்கூட. அதை அவிழ்த்துவிட்டால், சத்தம் நின்ற பிறகும் ஸ்பீக்கர் தன் போக்கில் சற்று ஆடிவிட்டுத்தான் நிற்கும். இது அருள்பிரகாசத்துக்குத் தெரியும். தன் வீட்டில் இன்னொருவர் இதைக் காதால் கண்டுபிடிப்பார் என்பது தெரியாது.

"நான் எப்பய்யா வார்த்தைய இழுத்துகினு நின்னேன்? நான் பேசுனா தலை வேற, முண்டம் வேற." சாக்கு இழுபடுகிற அதே குரல்தான்; ஆனால் ஒவ்வொரு சொல்லும் அதனதன் முடிவில் நறுக்கென்று நின்றது. "நேத்து மீனுக்கு செவுள்ள செவப்பு தடவி விக்கிறான் பாரு, அது மாரி பண்ணி வெச்சிகீற. வாங்குறவன் ஏமாறுவான். நான் ஏமாறுவனா?"

"நீ அன்னிக்கு எழுந்து போய்ட்டியே, அதான்..." என்று ஆரம்பித்தார் அருள்பிரகாசம்.

"எழுந்து போனேன். செத்தா பூட்டேன்? எத்த திருப்புனா எது வருது?"

கத்தியை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்துவிட்டுக் குமிழைப் பிடித்தார். பதினாலு ஆம்ப்ளிஃபயர்களிலும் வேறொருவர் கை பட்டது அதுவே முதல் முறை. குமிழை முழுவதும் ரிட்டன் பக்கம் தள்ளினார். ஈரச் சாக்கு வந்தது. தோள் ஒருமுறை சிலிர்த்தது. ஆனால் கை குமிழை விடவில்லை. "போடு," "போடு" என்று பதினொரு தடவை தன்னையே எண்ணவைத்துக் கேட்டார். கடைசியில் வால் அறவே இல்லாத இடத்திலிருந்து ஒரு நூல் மட்டும் பின்னால் வந்து நிறுத்தினார்.

"இங்க வெய்யி."

"கரகரப்பு தெரியுதே, அடைக்கலம்."

"அது வந்துட்டுப் போவட்டும். வெட்டு போவக் கூடாது."

குமிழில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அருள்பிரகாசம் அதைத் துடைக்கவில்லை. அளவுக் குறி அதுவே என்று விட்டுவிட்டார்.

பத்தாம் தேதி மாலை ஏழு மணிக்கு முன்னறையில் முப்பது பேர் இருந்தார்கள். படிக்கட்டில் ஒரு ஆறு பேர். மகிமா, எதற்கும் இருக்கட்டும் என்று, ரெக்கார்டிங்கைத் தயாராக வைத்துக் கைப்பேசியை மடியில் மலர்த்திப் பிடித்திருந்தாள். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. அருள்பிரகாசம் வெள்ளை வேட்டியில், ஆம்ப்ளிஃபயரின் அருகே ஒரு முக்காலியில், வால்வு முகத்தில் அடிக்கும் சூட்டைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

"அருள் நிறைந்த மரியே" என்று அடைக்கலமேரி தொடங்கினார்.

அறை திடுக்கிட்டது. அவ்வளவு பேருக்கும் அந்தக் குரல் புதிது. எட்டு மாதமாக யாரும் கேட்டதில்லை. முதல் பத்து மணிகளில் பின்பாதி சொன்னவர்கள் கொஞ்சம் மெதுவாகவே சொன்னார்கள், எதையோ உடைத்துவிடுவோம் என்பதுபோல. இரண்டாவது பத்தில் குரல் பழகியது. கரகரப்புதான், ஆனால் வரி முடியும் இடம் இதுதான் என்று கத்தி வைத்தாற்போல் தெரிந்ததால், பின்பாதி தானாகச் சரியான இடத்தில் விழுந்தது. படிக்கட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மகிமாவின் கைப்பேசித் திரை அணைந்தது. அவள் அதை மறுபடி எழுப்பவில்லை.

மூன்றாவது பத்தில், ஆறாவது மணியில், குரல் உடைந்தது. பாதிச் சொல்லில் வெறும் காற்றானது. ஆம்ப்ளிஃபயர் அந்தக் காற்றைக் கூட்டாமல் குறைக்காமல் அறைக்குள் வைத்தது. மகிமாவின் கட்டைவிரல் திரையைத் தொட்டது.

அருள்பிரகாசத்தின் வலது கை எழுந்து குமிழுக்குப் போயிற்று. கால்வாசித் திருப்பு போதும். சத்தம் ஏறும், சதை ஏறும், கிழிசல் மூடிக்கொள்ளும், தெருவில் ஒருவருக்கும் தெரியாது. விரல்கள் குமிழைப் பற்றின.

அடைக்கலமேரி எச்சில் விழுங்கினார். அதுவும் கேட்டது. மணியை நகர்த்தாமல், அதே ஆறாவதை முதலிலிருந்து, முன்னைவிடக் கரகரப்பாகத் தொடங்கினார்.

அருள்பிரகாசம் கையைப் பின்னுக்கு இழுத்தார். அது திரும்பவும் போகப் பார்த்தது. அதைப் பிடித்துத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் முழு எடையோடு உட்கார்ந்துகொண்டார்.